‘உச்சா வருது!’ – எல்.கே.ஜி.க்கு ஒரு கோச்சிங் கிளாஸ்

முதல்ல ஒரு குட்டி வைவா. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு என்னென்ன ரெடி பண்ணணும்? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வீங்க. ஆப்டிட்யூட், குரூப் டிஸ்கஷன், ஹெச்.ஆர். ரவுண்ட், அயர்ன் பண்ணின சட்டை, ரூம்மேட்கிட்ட கடன் வாங்கின ஷூ! சரி, மூணரை வயசு வாண்டு ஒண்ணு வர்ற ஜூன்ல எல்.கே.ஜி. போகப்போகுது. அதுக்கு என்ன ரெடி பண்ணணும்?

‘ஏ, பி, சி, டி சொல்லணும், ஒண்ணுல இருந்து நூறு வரைக்கும் எண்ணணும், கலர் பேரெல்லாம் தெரியணும்...’ இப்படித்தானே ஆரம்பிக்கிறீங்க? ஸாரி பாஸ், இந்தப் பேப்பர்ல உங்களுக்கு அரியர்!

‘நமக்கு எதுக்குப்பா இந்த மேட்டர்? நாங்க செமஸ்டர் டென்ஷன்ல இருக்கோம்’னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. உங்க வீட்டுலயே ஒரு அக்கா பையனோ, சித்தி பொண்ணோ, எதிர்வீட்டு வாலோ இருக்கும். அதைவிட முக்கியமான காரணம் ஒண்ணு இருக்கு. இது நம்ம கதையும்தான். எப்படின்னு கடைசியில பார்க்கலாம்.

சென்னை மடிப்பாக்கத்துல, ஒரு வீட்டுல நடக்கிற டே கேர்ல மூணு நாள் சம்மணம் போட்டு உட்கார்ந்துட்டு வந்தேன். சின்ன நாற்காலி எல்லாம் என்னைத் தாங்காதுங்க!

ரெண்டு பெட்ரூம், ஒன்பது வாண்டு

போர்டு கிடையாது. கார்ட்டூன் பெயின்ட் அடிச்ச காம்பவுண்ட் சுவர் கிடையாது. சாதாரண ரெண்டு பெட்ரூம் வீடு. வாசல்ல ஒன்பது ஜோடி குட்டிச் செருப்பு மட்டும் வரிசையா இருக்கும். நடத்துறவங்களுக்கு ஐம்பது வயசுக்கு மேல இருக்கும். குழந்தைகளுக்கும் அவங்க ஆன்ட்டி, குழந்தையோட அப்பா அம்மாவுக்கும் ஆன்ட்டி. அதனால எனக்கும் ஆன்ட்டி. கூடமாட ஒத்தாசைக்கு ஒரு அக்கா.

காலை எட்டரைக்கு முதல் பைக் வந்து நிற்கும். அம்மா அப்பா ரெண்டு பேரும் ஓ.எம்.ஆர். பக்கம் வேலைக்குப் போறவங்க. ஊர்ல இருக்கிற தாத்தா பாட்டியால இங்கே வந்து இருக்க முடியாது. ஒன்றரை வயசுல இருந்து நாலு வயசு வரைக்கும் ஒரே ஹால்ல.

இந்த மாதிரி வீடுகள் ஏன் தெருவுக்குத் தெரு முளைக்குது? கணக்கு ரொம்ப சிம்பிள். 2017ல மகப்பேறு சட்டத்தைத் திருத்தி, முதல் ரெண்டு குழந்தைக்கும் லீவை 26 வாரமா ஆக்கினாங்க. ஐம்பது பேரோ அதுக்கு மேலோ வேலை பார்க்கிற இடத்துல குழந்தைகள் காப்பகம் இருக்கணும்னும் சொன்னாங்க. நல்ல விஷயம். ஆனா 26 வாரம்ங்கிறது ஆறு மாசம். பள்ளிக்கூடத்துல சேர்க்க மூணு வயசுக்கு மேல ஆகணும். நடுவுல இருக்கிற ரெண்டரை வருஷத்துக்குக் குழந்தை எங்கே இருக்கும்? நாற்பது பேர் வேலை பார்க்கிற கம்பெனியில அந்தக் காப்பகமும் கட்டாயம் இல்லை. அந்த இடைவெளியிலதான் இந்த ஆன்ட்டிகள் நிக்கிறாங்க.

சும்மா ‘பார்த்துக்கிற’ வேலைன்னுதான் நானும் நினைச்சுட்டுப் போனேன். அங்கே நடந்தது முழுநேரக் கோச்சிங் கிளாஸ்!

டிபன் பாக்ஸ் லேப்

பத்தரை மணி. ‘பாக்ஸ் டைம்!’னு ஆன்ட்டி குரல் கொடுத்ததும் ஒன்பதும் வட்டமா உட்காருது. அவங்க யாருக்கும் மூடியைத் திறந்து கொடுக்கலை. பச்சை டிராயர் போட்ட ஒரு குட்டிப் பையன் மூடியோட மல்லுக்கட்டுறான். இழுக்கிறான், திருகுறான், கடிக்கிறான். நான் கை நீட்டினேன். ‘தம்பி, விடுப்பா. அவனே கேட்கட்டும்’னு ஆன்ட்டி என்னைத் தடுத்துட்டாங்க.

ரெண்டு நிமிஷம் கழிச்சு அவன் பக்கத்துல இருந்த ரெட்டை ஜடைப் பாப்பாகிட்ட பாக்ஸை நீட்டினான். அவளுக்கு நாலு வயசு. ஓரத்துல இருந்த கிளிப்பைத் தூக்கிக் காட்டினா. டப்புனு திறந்துக்கிச்சு. அவன் முகத்துல, எடிசன் பல்பு எரிஞ்ச மாதிரி ஒரு சிரிப்பு.

‘கடையில அழகா இருக்குன்னு டைட் மூடி பாக்ஸ் வாங்கிக் கொடுத்துடுவாங்க. ஸ்கூல்ல முப்பது குழந்தைக்கு ஒரு மிஸ். எத்தனை மூடியைத் திறப்பாங்க? திறக்கத் தெரியாத புள்ளை அப்படியே மூடி வெச்சுடும். பசியோட வீட்டுக்கு வரும். அதனால ஸ்கூலுக்கு வாங்குற பாக்ஸையும் பாட்டிலையும் ஒரு மாசம் முன்னாடியே இங்கே கொடுத்து அனுப்பச் சொல்லிடுவேன்’ என்கிறார் ஆன்ட்டி.

பாக்ஸ் மட்டுமா? ஷூ, பை, டிராயர், எல்லாத்துக்கும் ரிகர்சல். பெல்ட்டும் ஹூக்கும் வெச்ச டிராயர் வேண்டாம், எலாஸ்டிக் போதும். லேஸ் ஷூ வேண்டாம், ஒட்டுற பட்டை வெச்ச ஷூ போதும். அவசரத்துக்குத் தானே கழட்டத் தெரியணும், தானே போடத் தெரியணும். மேட்டர் அவ்வளவுதான்.

இது ஏதோ பாட்டி வைத்தியம்னு நினைக்காதீங்க. இத்தாலிக்காரரான மரியா மாண்டிசோரி 1907ல ரோம் நகரத்துல ஏழைத் தொழிலாளர்கள் இருந்த சான் லொரென்சோ பகுதியில குழந்தைகள் இல்லம் தொடங்கினப்போ செய்ததும் இதைத்தான். மரச்சட்டத்துல துணியை மாட்டி, அதுல பட்டன், ஹூக், லேஸ் எல்லாம் வெச்சு, குழந்தைகளைப் போட்டுக் கழட்டிப் பழகவிட்டார். அடிப்படையில அவர் ஒரு டாக்டர். 1939ல நம்ம அடையாறு தியாசபிகல் சொசைட்டிக்கு வந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். மடிப்பாக்கம் ஆன்ட்டிகிட்ட மரச்சட்டம் இல்லை. தாத்தாவோட பழைய சட்டை ஒண்ணு இருக்கு. வேலை ஒண்ணுதான்!

மணிக்கட்டு சீக்ரெட்

அடுத்து நான் எதிர்பார்த்தது சிலேட்டு. வந்தது சப்பாத்தி மாவு!

ஆளுக்கு ஒரு உருண்டை. பிசையுது, உருட்டுது, பாம்பு செய்யுது, நசுக்குது. இன்னொரு பக்கம் மூணு வாண்டுகள் பச்சைப் பட்டாணி உரிக்குது. ஒரு பாப்பா துணி கிளிப்பை அழுத்தி அழுத்திக் கயித்துல மாட்டுது. வாயில போட்டுக்கிற வயசுல இருக்கிற பொடிசுகளைப் பட்டாணிப் பக்கமே விடலை. ‘மூக்குல ஒண்ணு போச்சுன்னா அவ்வளவுதான்’னு அந்த உதவி அக்கா கண் கொத்திப் பாம்பு மாதிரி காவல்.

‘எழுத எப்போ ஆன்ட்டி சொல்லித்தருவீங்க?’

‘இதான்ப்பா எழுதறது!’

நம்ம இன்ஜினீயரிங் மூளைக்குப் புரியற மாதிரி சொல்றேன். நம்ம மணிக்கட்டுல எட்டு குட்டி எலும்பு இருக்கு. பிறக்கும்போது அது எதுவும் எலும்பா இருக்காது. வெறும் குருத்தெலும்பு. வருஷாவருஷம் ஒண்ணொண்ணா எலும்பா மாறும். மூணரை வயசுல ஏறக்குறைய பாதிதான் ஆரம்பிச்சிருக்கும். கடைசி எலும்பு வர்றதுக்குள்ள குழந்தை மூணாங்கிளாஸ் தாண்டிடும். விரல்களும் அப்படித்தான். முதல்ல கிரேயானை முஷ்டியால பிடிக்கும். அப்புறம் எல்லா விரலாலயும். நாலு வயசை ஒட்டித்தான் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூணும் கூட்டணி போடும்.

அஸ்திவாரம் காயறதுக்குள்ள மாடி எழுப்பினா என்ன ஆகும்னு சிவில் நண்பர்களைக் கேட்டுப் பாருங்க. கான்கிரீட் போட்டா நாள் கணக்குல தண்ணி ஊத்திக் காத்திருக்கோம். குழந்தையோட விரலுக்கு மட்டும் அந்த டைம் கொடுக்க மாட்டேங்கிறோம். மூணு வயசுல நாலு கோடு நோட்டைக் கொடுத்து, ‘கோட்டுக்குள்ள எழுது’ன்னா, அது கத்துக்கிற முதல் பாடம் எழுத்து இல்லை. ‘என்னால முடியாது’ங்கிறதுதான்.

டாட்டா சொல்லிட்டுப் போங்க

ரெண்டாவது நாள் காலையில ஒரு புது அட்மிஷன். ரெண்டு வயசுப் பாப்பா. அழுகைன்னா அழுகை, தெருமுனை வரைக்கும் கேட்குது. அவங்க அப்பா மெதுவா, சத்தம் போடாம, பின்பக்கமா நழுவப் பார்த்தார். ஆன்ட்டி விடலை.

‘ஏமாத்திட்டுப் போகாதீங்க சார். அவகிட்டச் சொல்லிட்டுப் போங்க. அழுதாலும் பரவாயில்லை.’

அவர் முட்டி போட்டு உட்கார்ந்தார். ‘அப்பா ஆபீஸ் போறேன். நீ பால் குடிச்சு, தூங்கி எந்திரிச்சதும் வருவேன்’னு சொல்லி டாட்டா காட்டினார். இன்னும் சத்தமா அழுதா. பத்து நிமிஷம் ஆன்ட்டி இடுப்புலயே இருந்தா. அப்புறம் பட்டாணிக் கூடை கண்ணுல பட்டுது, இறங்கிட்டா.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. பிரிவு பயம்ங்கிறது எட்டு மாசம் வாக்குல குழந்தைக்குத் தலைகாட்டுற ஒரு இயல்பான விஷயம். அது வளர்ச்சியோட அடையாளம். குழந்தைக்குக் கடிகாரம் தெரியாது, ‘அஞ்சு மணி’ன்னா புரியாது. ஆனா ‘தூங்கி எந்திரிச்சதும்’னா புரியும். சொன்னபடியே அப்பா திரும்பி வந்துட்டா, மறுநாள் நம்பிக்கை ஒரு படி ஏறும். சொல்லாம நழுவிட்டா, எப்போ வேணும்னாலும் ஆள் காணாமப் போயிடுவாங்கங்கிற பயம்தான் மிஞ்சும். அப்புறம் பாத்ரூம் போகக்கூட அம்மாவை விடாது.

கண்ணாமூச்சி ஆட்டமும் இதுக்கான கோச்சிங்தான் தெரியுமா? மறைஞ்சவங்க திரும்பி வருவாங்கங்கிற பாடத்தைச் சிரிச்சுக்கிட்டே சொல்லித்தருது.

அந்த ஒரு வார்த்தை

மத்தியானம் எல்லாம் தூங்கிடுச்சு. ஃபேன் சத்தம் மட்டும். அப்போதான் ஆன்ட்டி ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னாங்க.

இங்கே இருந்து எல்.கே.ஜி. போன ஒரு பையன். செம ஷார்ப். ஏ டு இசட் தலைகீழா சொல்வான். கிரகங்கள் பேரெல்லாம் வரிசையா ஒப்பிப்பான். வாய் ஓயாது. ஸ்கூல் சேர்ந்து ரெண்டு வாரத்துல அவங்க அம்மா போன் பண்ணி அழுதிருக்காங்க. பையன் கிளாஸ்ல ஒரு வார்த்தை பேசறதில்லை. பேச்சுல ஏதாவது குறை இருக்கான்னு டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு ஸ்கூல்ல சொல்லியிருக்காங்க. தண்ணி பாட்டில் தினமும் நிரம்பினபடியே திரும்பி வருது. ஒரு நாள் ஜுரம் வேற.

ஆன்ட்டி அவனை ஒரு சனிக்கிழமை கூட்டிட்டு வரச் சொன்னாங்க. பக்கத்துல உட்கார வெச்சு, மாவு உருட்டிக்கிட்டே பேச்சுக் கொடுத்தாங்க. கொஞ்சம் கொஞ்சமா கதை வெளியில வந்துச்சு.

முதல் நாள் அவனுக்கு அவசரமா வந்திருக்கு. ‘உச்சா வருது’ன்னு சொல்லியிருக்கான். மிஸ்ஸுக்குக் காதுல விழுந்துதோ இல்லையோ, ‘இங்கிலீஷ்ல சொல்லு’ன்னு பதில் வந்திருக்கு. அவனுக்கு அந்த வார்த்தை தெரியாது. ஜூபிடர் தெரியும், சாட்டர்ன் தெரியும், இது தெரியாது! நின்ன இடத்துலயே டிராயர் நனைஞ்சுடுச்சு. கிளாஸே சிரிச்சுது.

மூணரை வயசு மூளை அதுக்கு ஒரு தீர்வு கண்டுபிடிச்சுது. தண்ணி குடிக்கலைன்னா உச்சா வராது. வாயே திறக்கலைன்னா யாரும் சிரிக்க மாட்டாங்க.

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரலை. தண்ணி குடிக்காம, அடக்கி அடக்கி வெச்சா சிறுநீர்த் தொற்று வர வாய்ப்பு அதிகம். அவனோட ஜுரமும் அதுதான்னு டாக்டர் சொல்லியிருக்கார். பேச்சுல ஒரு குறையும் இல்லை. இல்லாம இருந்தது ஒரு வார்த்தைதான்.

அதுக்கப்புறம் என்ன செய்தாங்க? அவனுக்கு ஒரு வாக்கியமும், சுண்டு விரலைக் காட்டுற ஒரு சைகையும் சொல்லிக்கொடுத்தாங்க. அவங்க அம்மா ஸ்கூலுக்குப் போய், இவன் சுண்டு விரல் காட்டினா அர்த்தம் இதுன்னு மிஸ்கிட்ட சொல்லிட்டு வந்தாங்க. பத்து நாள்ல வாய் திறந்துட்டான். இப்போ ஒண்ணாங்கிளாஸ். மறுபடியும் வாய் ஓயறதில்லையாம்!

அன்னையில இருந்து இந்த டே கேர்ல எல்.கே.ஜி. போற ஒவ்வொரு வாண்டுக்கும் நாலு வாக்கியம் கட்டாயப் பாடம். ‘தண்ணி வேணும்’, ‘பாத்ரூம் போகணும்’, ‘வலிக்குது’, ‘எனக்குப் புரியலை’. வீட்டு மொழியிலயும் உண்டு, ஸ்கூல்ல எந்த வார்த்தை சொன்னா புரியுமோ அதுலயும் உண்டு. பொம்மையை மிஸ்ஸா உட்கார வெச்சு தினமும் ரிகர்சல். அதுலயும் கஷ்டமான பாடம் நாலாவதுதான் என்கிறார் ஆன்ட்டி.

123 குழந்தைகள் சொன்ன சேதி

‘இதெல்லாம் சென்டிமென்ட். புரூஃப் இருக்கா?’னு கேட்கிற லாஜிக் பார்ட்டிகளுக்காக ஒரு ஆராய்ச்சி.

1962ல அமெரிக்காவோட மிச்சிகன் மாநிலத்துல, இப்சிலாண்டிங்கிற ஊர்ல ஆரம்பிச்சாங்க. பெர்ரி ப்ரீஸ்கூல் ஸ்டடின்னு பேரு. ஏழைக் கறுப்பினக் குடும்பத்துக் குழந்தைகள் 123 பேர். அதுல 58 பேருக்கு மூணு, நாலு வயசுல தரமான ப்ரீஸ்கூல். வாரம் ஒரு தடவை டீச்சர் வீட்டுக்கே போய் அம்மாவோட உட்கார்ந்து பேசுவாங்க. மீதி 65 பேருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ரெண்டு குரூப்பையும் நாற்பது வயசு வரைக்கும், அதைத் தாண்டியும் விடாம ஃபாலோ பண்ணினாங்க.

ட்விஸ்ட் என்ன தெரியுமா? ப்ரீஸ்கூல் போன குழந்தைகளோட ஐ.க்யூ. ஆரம்பத்துல எகிறுச்சு. ஆனா சில வருஷத்துலயே ரெண்டு குரூப்பும் ஏறக்குறைய சமமாயிடுச்சு. ஊத்திக்கிச்சுன்னு நினைச்சீங்களா? இல்லை. பெரியவங்களானப்போ ப்ரீஸ்கூல் குரூப்ல நிறையப் பேர் பள்ளிப்படிப்பை முடிச்சிருந்தாங்க, நிறையப் பேர் வேலையில இருந்தாங்க, போலீஸ் கேஸ்ல மாட்டினவங்க குறைவு.

ஐ.க்யூ. மறைஞ்சு போச்சு, அப்புறம் எது நின்னுச்சு? 2000ல பொருளாதார நோபல் வாங்கின ஜேம்ஸ் ஹெக்மன் இந்த டேட்டாவை அலசிட்டு, மூளைக் கணக்கைவிடக் குணம்தான் வேலை செய்திருக்குன்னு சொல்றார். எடுத்ததை முடிக்கிறது, மத்தவங்களோட ஒத்துப்போறது, தன்னை அடக்கிக்கிறது. அந்த வயசுல போட்ட முதலீடு பல மடங்கா திரும்பி வருதுங்கிறது அவரோட கணக்கு. சின்ன ஸ்டடிதான், ஒரே ஊர்தான். ஆனாலும் டிபன் பாக்ஸ் மூடியோட மல்லுக்கட்டின பச்சை டிராயரையும், உதவின ரெட்டை ஜடையையும் நினைச்சுப் பாருங்க. லிங்க் புரியுதா?

இன்னொரு சுவாரஸ்யம். ‘கிண்டர்கார்ட்டன்’ங்கிற பேரை 1840ல வெச்சவர் ஃப்ரெடரிக் ஃப்ரோபெல்ங்கிற ஜெர்மன்காரர். அர்த்தம், குழந்தைகளின் தோட்டம். மர உருண்டை, கட்டை, பாட்டு, விளையாட்டு, தோட்ட வேலை. இதுதான் அவரோட சிலபஸ். அமெரிக்காவுல முதல் கிண்டர்கார்ட்டன் எங்கே தொடங்கினது தெரியுமா? 1856ல, விஸ்கான்சின் மாநிலத்து வாட்டர்டவுன்ல, மார்கரெத் ஷுர்ஸ்ங்கிற அம்மா தன்னோட மகளையும் சொந்தக்காரக் குழந்தைகளையும் சேர்த்து வீட்டுலயே ஆரம்பிச்சதுதான். நம்ம ஆன்ட்டியோட சீனியர்!

எல்லா வீடும் ஒண்ணு இல்லை

ஒரு ஆன்ட்டியைப் பார்த்துட்டு ‘வீட்டு டே கேர் எல்லாமே சூப்பர்’னு சர்டிஃபிகேட் கொடுத்துட முடியாது. ஒரே ரூம்ல இருபது குழந்தைகளை அடைச்சு, டி.வி.யைப் போட்டுவிட்டு, போனைக் கையில கொடுக்கிற இடமும் இருக்கு. அதனால உங்க அக்காவோ அண்ணியோ இடம் தேடினா, நீங்களும் கூடப் போங்க. கேட்க வேண்டியது இதெல்லாம்தான்: ஒரு பெரியவருக்கு எத்தனை குழந்தைகள்? பால்கனிக்கும் மாடிப்படிக்கும் தடுப்பு இருக்கா? சிலிண்டர், மருந்து, தண்ணி வாளி எல்லாம் கைக்கு எட்டாம இருக்கா? சொல்லாம கொள்ளாம நடுப்பகல்ல போனா உள்ளே விடுவாங்களா? கடைசிக் கேள்விக்குத் தயங்கினாங்கன்னா, அடுத்த வீட்டைப் பாருங்க.

காசு கட்ட முடியாதவங்களுக்கு? 1975ல தொடங்கின ஐ.சி.டி.எஸ். திட்டத்து அங்கன்வாடிகள் தமிழ்நாட்டுல ஐம்பதாயிரத்துக்கும் மேல இருக்கு. சத்துமாவும் முட்டையும் கொடுக்கிற இடம்னு மட்டும் நினைச்சுடாதீங்க. ரெண்டு வயசுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் பாட்டு, கதை, விளையாட்டுன்னு முன்பருவக் கல்வியும் அங்கே உண்டு. 2019 ஜனவரியில அரசு நடுநிலைப் பள்ளிகளை ஒட்டின 2,381 அங்கன்வாடிகள்ல எல்.கே.ஜி., யு.கே.ஜி.யையும் தொடங்கினாங்க.

அப்புறம் அந்த எல்.கே.ஜி. இன்டர்வியூ! நர்சரி அட்மிஷனுக்கு டெஸ்ட்டும் இன்டர்வியூவும் வேண்டவே வேண்டாம்னு 1993லயே யஷ்பால் கமிட்டி சொல்லிடுச்சு. 2009ல வந்த கல்வி உரிமைச் சட்டமும் குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டித் தேர்ந்தெடுக்கக் கூடாதுங்குது. சட்டம் பேசறது 6 முதல் 14 வயசுக் குழந்தைகளைப் பத்தி என்பதால, நர்சரிக்கு அது பொருந்துமாங்கிற சண்டை கோர்ட் வரைக்கும் போச்சு. நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறது, ஷூ போடப் பழகிட்டிருக்கிற அந்த வாண்டுதான். 2020 தேசியக் கல்விக் கொள்கையிலயும் மூணு வயசுல இருந்து எட்டு வயசு வரைக்கும் விளையாட்டு வழிக் கல்விதான் அடிப்படைன்னு எழுதியிருக்கு. அந்தக் கொள்கையோட மத்த விஷயங்கள்ல சண்டை போடுறவங்ககூட இதுல சண்டை போட மாட்டாங்க.

நீங்க என்ன பண்ணலாம்?

உங்க வீட்டு வாண்டு ஜூன்ல ஸ்கூல் போகுதா? செமஸ்டர் லீவுல பத்து நாள் போதும்.

* ஸ்கூல் பாக்ஸ், பாட்டில், பை, ஷூவை இப்பவே கையில கொடுங்க. நீங்க ஸ்டாப்வாட்ச் மட்டும் பாருங்க. திறந்து கொடுக்காதீங்க.
* எழுத வைக்கிறதுக்குப் பதிலா மாவு, களிமண், கோலப்பொடி, முருங்கைக்கீரை. கீரை உருவுற வேலையை வாண்டு தலையில கட்டினா அம்மாவும் ஹேப்பி.
* கேரம், தாயம், ஊஞ்சல், எதுவா இருந்தாலும் ‘இப்போ என் டர்ன், அடுத்தது உன் டர்ன்’. காத்திருக்கப் பழகறதுதான் பெரிய பாடம். வேணும்னே எப்பவும் தோத்துக் கொடுக்காதீங்க.
* ஸ்கூல் விளையாட்டு ஆடுங்க. நீங்க ஸ்டூடன்ட், அது மிஸ். நாலு வாக்கியத்தையும் நீங்களே கேட்டுக் காட்டுங்க. ‘மிஸ், எனக்கு உச்சா வருது’ன்னு ஆறடி மாமா கை தூக்கினா, அதுக்கு வெட்கமே போயிடும்.
* கதை சொல்லுங்க. போனை ஓரமா வெச்சுட்டு! நடுவுல நிறுத்தி ‘அப்புறம் என்ன ஆச்சு?’னு கேளுங்க. பதிலுக்குக் காத்திருங்க.
* ‘ஸ்கூல்ல போட்டா மிஸ் அடிப்பாங்க பாரு’ங்கிற டயலாக்குக்கு இன்னையோட தடை.

கடைசியில நம்ம மேட்டர்

இது நம்ம கதையும்தான்னு ஆரம்பத்துல சொன்னேன் இல்லையா? உங்க ஃபர்ஸ்ட் இயர் கிளாஸை நினைச்சுப் பாருங்க. பன்னிரண்டாவதுல தமிழ் மீடியத்துல மேத்ஸைப் பிரிச்சு மேய்ஞ்ச ஒருத்தர் கண்டிப்பா இருந்திருப்பார். கடைசி பெஞ்ச். ‘எனி டவுட்ஸ்?’னு லெக்சரர் கேட்டா, தலையைக் குனிஞ்சுக்குவார். ‘வகைக்கெழு’ அவருக்குத் தண்ணி பட்ட பாடு. ‘டெரிவேட்டிவ்’னு சொன்னதும் யாரோ புது ஆள் மாதிரி தெரிஞ்சிருக்கும். கேட்கலாம்தான். கேட்டா இங்கிலீஷ்ல கேட்கணும், தப்பாக் கேட்டா சிரிப்பாங்க. அதனால வாயே திறக்கிறதில்லை. தண்ணி குடிக்காத அந்தப் பையனும் இவரும் வேற வேறயா?

அரியர் விழுந்ததும் ‘மண்டையில ஒண்ணும் இல்லை’ன்னு ஊரே முடிவு கட்டிடுது. இல்லாம இருந்தது மண்டை இல்லைங்க. ஒரு வார்த்தையும், அதைச் சொல்ல ஒரு தைரியமும்தான்.

மடிப்பாக்கம் வீட்டுல மூணரை வயசு வாண்டுகள் பொம்மை மிஸ்ஸைப் பார்த்து தினமும் கை தூக்கி, ‘எனக்குப் புரியலை’ன்னு சொல்லிப் பழகுது. ஒருத்தரும் சிரிக்கிறதில்லை. சிரிக்கக் கூடாதுங்கிறதும் அங்கே ஒரு பாடம்.

அதனால ஃப்ரெண்ட்ஸ், திங்கட்கிழமை ஃபர்ஸ்ட் ஹவர். யாராவது ஒருத்தர் தயங்கித் தயங்கி எழுந்து, பாதித் தமிழ்ல பாதி இங்கிலீஷ்ல ஒரு டவுட் கேட்பாங்க. கடைசி பெஞ்ச்ல இருந்து வழக்கமா ஒரு சிரிப்பு கிளம்புமே, அதுல உங்க குரல் இல்லாமப் பார்த்துக்கங்க. கேட்கிற ஆள் நீங்களாவே இருந்தா, டபுள் ஓகே!